கிட்டப் போகாதீர்கள்

போன் அடித்தபோது அவர் மகளின் தட்டைக் கழுவப் போட்டுக்கொண்டிருந்தார்.

அவள் அறைக் கதவோரம் ஸ்டூலில் வைத்த சோறு கிட்டத்தட்ட வைத்தபடியே திரும்பியிருந்தது. ஓரத்தில் இரண்டு வாய் குறைந்திருந்தது. நேற்றைக்கு ஒரு வாய்தான். பரவாயில்லை, தேறிவருகிறாள் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டார்.

மகள் வந்து பதினோரு நாள் ஆகிறது. கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து ஒரே ஒரு பெட்டியோடு வந்தாள். மணிக்கட்டுக்கு மேலே பச்சையும் மஞ்சளுமாக ஒரு தடம். உள்ளறைக்குள் போய்ப் படுத்தவள் அதன்பிறகு வாயைத் திறக்கவில்லை.

அவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கவில்லை. அடிபட்டு வந்ததை என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருபத்தாறு வருஷமாக அதுதான் பிழைப்பு. காட்டுயிர் மீட்பு நிலையத்துக்கு வரும் அழைப்புகளை எடுத்து, வழி சொல்பவர். முட்டிவலி வந்தபின் வீட்டிலிருந்தே எடுக்கிறார். கார் மோதிய ஆந்தை, நாய் கடித்த முயல், கம்பியில் மாட்டிய வௌவால் என்று எது வந்தாலும் அவரிடம் ஒரே பாட்டுத்தான்.

கிட்டப் போகாதீர்கள். தடவிக்கொடுக்கிறேன் பேர்வழி என்று கையை நீட்டாதீர்கள். கண்ணுக்குக் கண் பார்க்காதீர்கள், கொல்ல வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொள்ளும். பேச்சுக் கொடுக்காதீர்கள். இருட்டில், சத்தமில்லாமல் விடுங்கள். பாதி உயிர்கள் அடிபட்டுச் சாவதில்லை, நம் அன்பு தாங்காமல்தான் சாகின்றன.

கடைசி வரி அவருடைய சொந்தச் சரக்கு. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஆகவே மகள் வந்த அன்றே உள்ளறை ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினார். டிவியின் ஒயரைப் பிடுங்கிவைத்தார். கதவைச் சாத்தினார். வீட்டுக்குள் பூனைபோல நடந்தார். அந்தத் தடத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதை இன்னொரு முறை பார்க்கவும் இல்லை.

மூன்றாம் நாள் அவருடைய அக்கா வந்தாள். பிள்ளையைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுதுவிட்டுப் போகிறேன் என்று நின்றாள். வாசலோடு அனுப்பிவிட்டார்.

"நீயெல்லாம் ஒரு மனுஷனாடா" என்று கேட்டுவிட்டுப் போனாள் அக்கா.

கேட்டுவிட்டுப் போகட்டும். அவளுக்கு இந்த வேலையைப் பற்றி என்ன தெரியும்.

பயம் இல்லாமல் இல்லை. எழுந்திருக்காமலே போய்விடுகிறவையும் உண்டு என்று அவருக்குத் தெரியும். பயம் வரும்போதெல்லாம் உள்ளறைக் கதவில் காதை வைத்து, மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பார். கை தானாகத் தாழ்ப்பாளுக்குப் போகும். அடக்கிக்கொண்டு திரும்பிவிடுவார்.

போன் விடாமல் அடித்தது. கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து எடுத்தார். நிலையத்திலிருந்து திருப்பிவிடப்படும் அழைப்புகள் இவை. யார், எந்த நம்பர் என்று இவருக்குத் தெரியாது.

"அடிபட்டு ஒண்ணு கிடக்குது" என்றது ஒரு பெண்குரல். தொண்டை கட்டி, பாதி காற்றாகவே வந்தது.

பதிவேட்டைத் திறந்தார். வழக்கம்போல ஒவ்வொரு கட்டமாகக் கேட்டுக்கொண்டே வந்தார்.

ரத்தம் வருகிறதா? இப்போது இல்லை. நடமாட்டம்? கிடையாது, சுவரைப் பார்த்தபடியே கிடக்கிறது. இருட்டில் வைத்தாயிற்றா? வைத்தாயிற்று. யாராவது தொட்டார்களா? ஒருவரும் தொடவில்லை. பேச்சுக் கொடுத்தார்களா? ஒரு வார்த்தைகூட இல்லை.

அவர் அசந்துபோனார். இத்தனை ஒழுங்கான ஆட்களை இருபத்தாறு வருஷத்தில் அவர் கண்டதில்லை. மற்றவர்கள் என்றால் இதற்குள் ஒரு கிண்ணம் பாலையாவது ஊற்றிக் காரியத்தைக் கெடுத்திருப்பார்கள்.

"எல்லாம் சரியாத்தாம்மா செஞ்சிருக்கீங்க. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே விட்டுடுங்க."

அப்படியே விட்டுத்தான் பார்த்தார்கள், ஒன்றும் சரியாகவில்லை என்றது குரல்.

அப்படியானால் ஆளை அனுப்ப வேண்டும். முகவரியைச் சொல்லச் சொன்னார்.

குரல் சொல்லச் சொல்ல, கை தன் பாட்டுக்கு எழுதிக்கொண்டு போனது. கதவு எண்ணை எழுதியது. மாடிப்படிக்குக் கீழ்வீடு என்று எழுதியது. தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்ச்சந்து என்று எழுதிக்கொண்டிருந்தபோது பேனா நின்றது.

ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி தெரிந்தது.

இருந்தும் வாய் பழக்கத்தில் அடுத்த கட்டத்தைக் கேட்டுவிட்டது. வீட்டில் எந்த இடத்தில் என்றார்.

உள்ளறையில் என்றது குரல்.

ரிசீவர் காதிலேயே இருந்தது. சொல்வதற்கு அந்தப் பாட்டைத் தவிர அவரிடம் வேறொன்றும் இல்லை. அதை அவள் பதினோரு நாளாகச் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்துக் கேட்டிருக்கிறாள்.

"யாராச்சும் வருவாங்களா?"

இந்த முறை அது போனில் மட்டும் வரவில்லை, சாத்திய கதவு வழியாகவும் வந்தது.

அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்து, தரை அதிர விழுந்தது. அவர் அதைத் தூக்கி நிறுத்தாமல் உள்ளறைக்குப் போனார்.