கச்சல்லா தப்பித்த கதை

தண்ணீர் லாரி வரத் தாமதமானால் முகாமில் எல்லோருக்கும் கச்சல்லாவின் ஞாபகம் வந்துவிடும்.

"டேய் கனூரி, நீ பொம்பளையான கதையைச் சொல்லு," என்றான் ஜவ்ரோ, வரிசையாக வைத்த குடங்களுக்குப் பக்கத்தில் குந்தியபடி.

ஜவ்ரோ ஃபுலானி இனம், கச்சல்லா கனூரி இனம். கனூரிக்கும் ஃபுலானிக்கும் மாமன் மச்சான் போலக் கேலி முறை. என்ன திட்டினாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

"ஃபுலானி அடிமைக்கெல்லாம் கதை எதுக்கு? புதுசா வந்தவங்களுக்காகச் சொல்றேன்."

புதிதாக வந்தவள் ஒருத்திதான். பெயர் கெல்லு. கச்சல்லாவைப் போலவே அவளுக்கும் நைஜீரிய எல்லையிலுள்ள டமாசக்தான் ஊர், ஆனால் ஊரின் மறுகோடி. முகப் பழக்கம் இல்லை. ஏழு வருடம் போகோ ஹராம் கூட்டத்தின் பிடியில் காட்டில் கிடந்துவிட்டு, முந்தாநாள்தான் எல்லை ஆற்றைத் தாண்டி நைஜர் நாட்டு டிஃபா முகாமுக்கு வந்து சேர்ந்திருந்தாள்.

கச்சல்லா எப்போதும் தன் அறிவிலிருந்துதான் கதையைத் தொடங்குவான்.

டமாசக் மிளகாய்ச் சந்தையில் அவன் பெரிய தரகன். மைதுகுரியில் போகோ ஹராம் என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது என்று லாரிக்காரர்கள் சொன்னபோது, ஒரு மழைக்காலம் தாங்காது என்றான். தாங்கியது. தலைவனைக் கொன்றாயிற்று, இனி அடங்கிவிடும் என்றான். பாமா நகரம் அவர்கள் கைக்குப் போயிற்று, குவோசா நகரமும் போயிற்று. நம்ம ஊரில் அவர்களுக்கு என்ன கிடைக்கும், மிளகாயா என்று கேட்டான். அடுத்த திங்கட்கிழமை வந்துவிட்டார்கள்.

"ஆத்தைத் தாண்டி நைஜருக்குள்ள வர மாட்டாங்கன்னும் சொன்னியே," என்று ஜவ்ரோ எடுத்துக்கொடுத்தான்.

"சொன்னேன். மூணே மாசத்துல டிஃபாவுல குண்டு விழுந்துச்சு. மோட்டார் சைக்கிள் ஓட்டக் கூடாது, மீன் விக்கக் கூடாது, மிளகாய் விக்கக் கூடாதுன்னு இந்த ஊர் சர்க்கார் உத்தரவு போட்டுச்சு. அதுலேர்ந்து நான் எதாவது நல்லதா சொன்னா இங்க ஆளாளுக்கு மூட்டை கட்டிடறாங்க."

வரிசை சிரித்தது. கெல்லு சிரிக்கவில்லை.

டமாசக்கில் ஆண்களைக் கண்ட இடத்தில் சுட்டார்கள். கச்சல்லா பதினோரு நாள் தானியக் குதிருக்குள் உட்கார்ந்திருந்தான். பெண்களைச் சுடவில்லை, பர்தா இல்லாமல் வாசலைத் தாண்டினால் சாட்டையடி. காலையில் மட்டும் கூட்டமாக ஆற்றுக்குத் தண்ணீர் எடுக்க விட்டார்கள், துப்பாக்கிக் காவலோடு.

பன்னிரண்டாம் நாள் காலை அந்தப் பெண்களோடு கச்சல்லாவும் போனான். தலையிலிருந்து கால்வரை பர்தா, கையில் குடம்.

"தலையில வெச்சா விழுந்துடுது. இடுப்புல வெச்சா நிக்க மாட்டேங்குது. அன்னிக்குத்தான் தெரிஞ்சுது, எனக்கு இடுப்பே கிடையாதுன்னு. என் கால் தெரியாம இருக்க பொம்பளைங்க என்னைச் சுத்தி நெருக்கிக்கிட்டு நடந்தாங்க. அப்போ காவலுக்கு வந்த பய என்ன சொன்னான் தெரியுமா? பாட்டியம்மா, மெதுவா வாங்கன்னான். நாப்பத்தஞ்சு வயசு எனக்கு. அதுதான் இன்னிக்கு வரைக்கும் ஆறல."

ஆற்றங்கரையில் நாணல் புதருக்குள் ஒதுங்கப் போவதுபோல் போனான். பெண்பிள்ளை ஒதுங்குகிறாள் என்று காவல்காரன் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டான். நீச்சல் தெரியாத கச்சல்லா வெறுங்குடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மூக்கிலும் வாயிலும் தண்ணீர் ஏற, நைஜர் கரையில் போய் ஒதுங்கினான்.

அங்கே நிவாரணம் கொடுத்தவர்கள் அவனைக் கைத்தாங்கலாக அழைத்துப்போய், பால் கொடுக்கும் தாய்மார் வரிசையில் நிறுத்தினார்கள்.

"குழந்தைக்கு எத்தனை மாசம்னு கேட்டாங்க. மூணுன்னேன். பால்பவுடர் டின் ஒண்ணு கொடுத்தாங்க. வாங்கிக்கிட்டேன்."

இந்த இடத்தில் எல்லோரும் கண்ணில் நீர் வரச் சிரிப்பார்கள். இன்றைக்கும் சிரித்தார்கள். கச்சல்லா எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான்.

"அண்ணே," என்றாள் கெல்லு. "அந்தப் பர்தா யாரோடது?"

"என் பொண்டாட்டியோடது."

"அப்ப அவங்க எதைப் போட்டுக்கிட்டு வந்தாங்க?"

ஜவ்ரோ தரையைப் பார்த்தான். இத்தனை வருடத்தில் அவன்கூடக் கேட்காத கேள்வி.

கச்சல்லா தன் குடத்தை வரிசையில் நேராக்கி வைத்தான்.

"வீட்டுல ஒண்ணுதான் இருந்துச்சு," என்றான். "பக்கத்து வீட்டுல இரவல் வாங்கிக்கிட்டு மறுநாள் தண்ணிக்கு வர்றவங்களோட வந்துடறேன்னு சொன்னா யாகுரா. நான் இந்தக் கரையில நாலு நாள் உட்கார்ந்திருந்தேன். யாருமே தண்ணிக்கு வரல. ஏன்னே தெரியல."

கெல்லுவின் குரலில் குற்றம் சொல்லும் தொனி இல்லை.

"எப்படி வருவாங்க, அண்ணே? அன்னிக்குப் போனவங்களைத் தலை எண்ணி வெச்சிருக்காங்க. திரும்பி வந்ததுல ஒண்ணு குறைஞ்சுது. அதோட ஒருத்தியையும் வாசலைத் தாண்ட விடல."

லாரி வந்து நின்றது. குடங்கள் நகர்ந்தன. அவள் தன் குடத்தை எடுத்துக்கொண்டாள்.

"உங்களைச் சுத்தி நடந்தவங்க சொல்லவே இல்ல. அந்த ஒருத்தி யாருன்னுதான் எங்க கோடியில கடைசி வரைக்கும் தெரியாமலே இருந்துச்சு."