இங்கிலாந்திலிருந்து வந்த மட்கார்டு

பெட்டியைத் திறக்க அவனையே கூப்பிட்டார்கள்.

அவன் அடித்த ஆணிகள்தான். முந்தாநாள் மதியம் பட்டறையில் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடித்திருந்தான். இப்போது மில் முதலாளியின் வீட்டு முற்றத்தில் இருபது பேர் சுற்றி நின்று பார்க்க, ஒன்றும் தெரியாதவன்போல அதே ஆணிகளை நெம்பிக்கொண்டிருந்தான்.

பலகையின் மேல் கறுப்பு மையில் ஆங்கில எழுத்துகள். பெட்டி மில் தச்சர் செய்தது. எழுத்து முதலாளியின் மகள் எழுதியது. உள்ளே நிறைய வைக்கோல்.

இங்கிலாந்தில் எந்தப் பக்கம் நெல் விளைகிறது என்று இருபது பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

"பதமா எடு வெள்ளிங்கிரி. கடல் தாண்டி வந்த சாமான்" என்றார் முதலாளி.

எடுத்தான். முதலாளியின் முப்பத்தாறாம் வருடத்துக் காரின் முன்பக்க இடது மட்கார்டு. கூட்டம் ஆகா என்றது.

அவனுடைய பதினோரு வார வேலை.

பழைய மட்கார்டு துருப்பிடித்துத் தூளாகியிருந்தது. மிஞ்சியது ஒரு முழம்கூட இல்லை. வலது பக்கத்தைப் பார்த்து அட்டையில் வெட்டி, அதைத் திருப்பிப் போட்டு, தகட்டை மணல் மூட்டைமேல் வைத்து மரச்சுத்தியலால் அடித்து அடித்து வளைத்தான். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவுவான். மேடு தட்டுப்பட்டால் மறுபடி அடிப்பான். இரண்டு தகடு வீணாகி, மூன்றாவதில்தான் வந்தது.

யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று பேச்சு. வருகிற ஞாயிற்றுக்கிழமை பழைய கார்களின் போட்டி. உள்ளூரில் தட்டியது என்று தெரிந்தால் பரிசு கிடையாது. அவனுடைய பட்டறை நிற்பதோ முதலாளியின் மில் வளாகத்தில். வாயைத் திறந்தால் சாமான்களைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போக வேண்டியதுதான்.

"சரிங்க" என்று தலையாட்டியிருந்தான்.

ஆனால் தலையாட்டும்போதே உள்ளுக்குள் ஒன்றை முடிவு செய்திருந்தான்.

அந்தக் கார் எந்தக் காலத்திலோ ஏதோ பாலத்தில் இடித்திருக்கிறது. வண்டியின் அடிச்சட்டமான சேஸ் இடது பக்கத்தில் அரை அங்குலம் உள்ளே திரும்பியிருந்தது. முதலாளிக்குத் தெரியாது. அளவெடுத்தபோது அவன்தான் கண்டுபிடித்தான். கம்பெனி மட்கார்டு இந்த வண்டியில் லேசில் உட்காராது. அரை நாள் மல்லுக்கட்டி, துளைகளை அரத்தால் ராவினால்தான் மாட்ட முடியும். அவன் செய்தது அந்தக் கோணலுக்கும் சேர்த்துச் செய்தது. உலகத்தில் இந்த ஒரு வண்டிக்கு மட்டுமே பொருந்தும்.

அவன் பேசவே வேண்டாம். தூக்கி வைத்ததும் உட்காரும். விவரம் தெரிந்தவர் ஒருவர் பார்த்தால் போதும், இது இங்கேயே, இந்த வண்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருவன் செய்தது என்று தெரிந்துவிடும்.

விவரம் தெரிந்தவர் வந்திருந்தார். கஸ்தூரிசாமி. போட்டியின் நடுவர். பழைய கார் என்றால் இந்த ஊரில் அவர் சொல்வதுதான் சொல்.

மட்கார்டைத் தூக்கி வைத்தான். எட்டுத் துளைகளும் சேஸின் எட்டுத் துளைகளோடு நேராக நின்றன. போல்ட்டுகள் விரலுக்கே உள்ளே போயின.

எல்லோரும் கைதட்டினார்கள்.

"பாத்தீங்களா!" என்றார் முதலாளி. "தொண்ணூறு வருசமாச்சு. ஒரு நூல் பெசகலையே. வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன்தான். நம்ம ஆளுககிட்டக் குடுத்திருந்தா நெளிச்சு வெச்சிருப்பானுக."

அவன் போல்ட் முடுக்கும் பானாவைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டான்.

கஸ்தூரிசாமி மட்டும் கைதட்டவில்லை. மண்டியிட்டு, வண்டியின் அடியில் டார்ச் அடித்தார். சேஸின் மேல் விரலை ஓட்டினார். திரும்பிய இடத்தில் விரல் நின்றது. பிறகு மட்கார்டின் உள்பக்கத்தைத் தடவினார். பிறகு அவனுடைய கைகளைப் பார்த்தார்.

போல்ட் முடுக்குகிற சாக்கில் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"சேஸ் திரும்பியிருக்குது" என்றார் அவர், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. "அதுக்குத் தக்கன அடிச்சிருக்கற."

"ஆமாங்க."

இத்தனை வருடத்தில் அவன் வேலையை இப்படி விரல் வைத்துப் படித்தவர் யாருமில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பட்டறை போனால் போகட்டும் என்று தோன்றியது. சத்தியமாகத் தோன்றியது.

கஸ்தூரிசாமி எழுந்தார். முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டார். எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"ஒரிஜினல்" என்றார்.

முதலாளி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். உள்ளே காபி தயார் என்று சொன்னார்கள். கூட்டம் பேசிக்கொண்டே வீட்டுக்குள் போயிற்று.

அவன் வைக்கோலைக் கூட்டி அள்ளினான். காலிப் பெட்டியைச் சுவரோரமாக இழுத்துப் போட்டான். அதைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம் வந்தது. மிதித்து நொறுக்கக் காலைத் தூக்கினான்.

"ஒடச்சுப்போடாத."

கஸ்தூரிசாமி. கையில் காபி டம்ளர். வாசற்படியை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு அருகே வந்தார்.

"மெட்ராஸ் போட்டிக்கு எங்க வீட்டு வண்டியும் போகுது வெள்ளிங்கிரி. இதே மாதிரி வலது பக்கத்துக்கு ஒண்ணு வேணும். பெட்டி இதே இருக்கட்டும்."

ஒரு வாய் குடித்தார்.

"எங்க வண்டில சேஸ் நேராத்தான் இருக்குது."

அவர் உள்ளே போனார்.

அவன் தூக்கிய காலைக் கீழே வைத்தான். பிறகு உட்கார்ந்து, பிடுங்கிப் போட்ட ஆணிகளைப் பொறுக்கி, கல்லில் வைத்து ஒவ்வொன்றாக நிமிர்த்தத் தொடங்கினான்.