யோர்மா வாயைத் திறந்தான்

"ஹில்க்கா, கால் குளிருதா? இன்னொரு போர்வை தரட்டுமா?"

ஹில்க்கா கண்ணை அகல விழித்தாள். கேட்டது யோர்மா. நான்கு வருடமாக இதே ஸ்கேன் அறையில், இதே குறுகிய குழாய்க்குள் அவளை அனுப்பி எடுப்பவன். வருடத்துக்கு இரண்டு வார்த்தைதான் அவன் கணக்கு. உள்ளே போகும்போது, "அசையாதீங்க." வெளியே வந்ததும், "முடிஞ்சது."

"வேண்டாம்," என்றாள்.

"சரி. சங்கடமா இருந்தா கையில இருக்கிற பந்தை அமுக்குங்க. நான் இங்கயேதான் இருக்கேன்."

வேறெங்கே போவான்? அதை ஏன் சொல்கிறான்?

கயானி என்கிற இந்தப் பனி ஊரில் யாரும் காரணமில்லாமல் பேசுவதில்லை. யோர்மா அதிலும் ஒரு படி மேல். உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்கப் போய்வந்த அவள் கணவன் வெய்க்கோ ஒருமுறை சொன்னான்: "பக்கத்துத் துளையில யோர்மா. காலைலேருந்து பொழுது சாயற வரைக்கும் மூச்சு விடல. கிளம்பறப்ப 'குளிர்'னான். என்னமோ ஏதோன்னு நான் பயந்தே போயிட்டேன்."

ஐந்து வருடத்துக்கு முன் அவள் தலையிலிருந்து ஒரு கட்டியை எடுத்தார்கள். அதிலிருந்து ஒவ்வொரு பிப்ரவரியும் இந்தக் குழாய். இது ஐந்தாவது. இந்த முறையும் ஒன்றுமில்லை என்றால் இனி வரவே வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

முன்பெல்லாம் யோர்மாவின் மௌனம் அவளை வதைத்தது. போன வருடம் வெளியே வந்த கையோடு கருத்துச் சீட்டில் ஆத்திரமாக இரண்டு வரி கிறுக்கிப் பெட்டியில் போட்டதுகூட உண்டு. ஆனால் பத்தே நாளில் ஆஸ்பத்திரிக் கடிதம் வந்தது: ஒன்றுமில்லை. நான்கு மௌனம், நான்கு நல்ல கடிதம். எண்ணிப் பார்த்தபோது அந்த மௌனமே அவளுக்கு நல்ல சகுனமாகிவிட்டது.

இயந்திரம் சுத்தியலால் அடிப்பதுபோல் இரைந்து ஓய்ந்தது.

"அருமை. அப்படியே அசையாம இருந்தீங்க. அடுத்தது நாலு நிமிஷம், சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி."

முகத்துக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியில், கால்மாட்டுக்கு அப்பால், ஜன்னலுக்குப் பின்னே உட்கார்ந்திருந்த யோர்மா தெரிந்தான். பேசுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் அவன் இடப்பக்கம் பார்த்துக்கொள்வதை அவள் கவனித்தாள். ஆக, அங்கே ஒரு டாக்டர் நிற்கிறார். பாவம், பேச்சுக் கொடுத்துக்கொண்டே இரு என்று சொல்லித் தருகிறார்.

அடுத்த இடைவெளியில் யோர்மா பனியைப் பற்றிப் பேசினான். அதற்கடுத்ததில் ஆஸ்பத்திரி வாசலில் சாலை வழுக்குவதைப் பற்றி. ஆஸ்பத்திரியில் இவ்வளவு பரிவை அவள் அம்மாவின் கடைசி வாரத்தில்தான் பார்த்திருக்கிறாள். அப்போதும் இப்படித்தான், திடீரென்று எல்லோருக்கும் வாய் முளைத்தது.

அவளால் பொறுக்க முடியவில்லை.

"யோர்மா, உள்ள ஏதாவது தெரியுதா?"

"நான் படம் எடுக்கறவன். பாத்துச் சொல்றது டாக்டர் வேலை." மறுபடி இடப்பக்கம் ஒரு பார்வை. "வெய்க்கோவுக்கு இந்த வருஷம் மீன் மாட்டுச்சா?"

அவ்வளவுதான். முடிந்தது கதை. வெய்க்கோவிடம் எப்படிச் சொல்வது, காரிலா, வீட்டுக்குப் போயா என்று அவள் யோசிக்கத் தொடங்கினாள்.

யோர்மா உள்ளே வந்து, கையில் குத்தியிருந்த ஊசி வழியாக, படம் தெளிவாகத் தெரிவதற்கான மருந்தை ஏற்றினான். குளுமையாக ஏறும், பயப்படாதீங்க என்றான். கடைசிச் சுற்று, பத்து நிமிடம் என்றும் சொல்லிவிட்டுப் போனான்.

இரைச்சல். இடைவெளி. குரல் வரவில்லை.

மறுபடி இரைச்சல், மறுபடி இடைவெளி. குரல் வரவேயில்லை.

ஹில்க்கா கண்ணாடியில் பார்த்தாள். அவன் இடப்பக்கம் திரும்பவில்லை. திரையைப் பார்த்தபடி அதே பழைய கல் முகத்தோடு உட்கார்ந்திருந்தான். டாக்டர் போய்விட்டார் போலிருக்கிறது. கவலைப்பட ஏதாவது இருந்தால் போவாரா? அவள் தோள்கள் தாமாகத் தளர்ந்தன. யோர்மா பழைய யோர்மாவாகிவிட்டான். அந்த அமைதியில் அவளுக்குத் தூக்கமே வந்துவிடும்போல இருந்தது.

"முடிஞ்சது," என்றான் யோர்மா, படுக்கையை வெளியே இழுத்து. அந்த வார்த்தையைக் கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது அவளுக்கு.

கோட்டை மாட்டிக்கொண்டு வெளியேறும் வழியில், ஜன்னலுக்குப் பின்னாலிருந்த அறை திறந்து கிடந்தது. ஹில்க்கா எட்டிப் பார்த்தாள். யோர்மாவின் இடப்பக்கம் ஒரு ஆள் நிற்கக்கூட இடமில்லை, வெறும் சுவர். அதில் ஒரு தாள் ஒட்டியிருந்தது.

"எல்லா நோயாளிகளிடமும், ஒவ்வொரு படத்துக்கும் நடுவே, கடைசிவரை பேசவும். போன வருடம் ஒருவர் எழுதியது: 'உள்ளே கிடப்பவளுக்கு உங்கள் மௌனம் சாவுச் செய்தி மாதிரி இருக்கிறது. வானிலையைப் பற்றியாவது பேசித் தொலையுங்கள்.'"

அவளுடைய இரண்டு வரி. அவள் எழுதியதைக் கேட்டு அவன் பேசியதால்தான் அவளே அரை மணி நேரம் செத்துக் கிடந்திருக்கிறாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. யோர்மாவிடம் சொல்ல வாயெடுத்தாள்.

அவன் அவள் வந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. மோவாயைக் கையில் தாங்கி, திரையில் இருந்த அவள் படத்தில் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சிரிப்பு பாதியில் நின்றது. அப்படியானால், கடைசிப் பத்து நிமிடம் அவன் ஏன் பேசவில்லை?