இன்ஜினை அணைத்தபின் கேட்டது

"தோண்டச் சொன்னதும் நீங்க. இப்ப மூடச் சொல்லுததும் நீங்களா?"

"என் தோட்டம். என் குழி. மூடுங்க."

ஜேசிபி உறுமிக்கொண்டிருந்தது. கத்தினால்தான் கேட்கும். மூன்று நாளாகத் தோட்டக்காரி வடிவும் வண்டி ஓட்டுகிறவனும் கத்தித்தான் பேசிக்கொண்டார்கள்.

வேலிக்கு இந்தப் பக்கம், அடுத்த தோட்டத்துப் பூரணத்துக்கு அது ரொம்ப வசதி.

மூன்று நாளாகப் பசுவுக்குப் புல் அறுக்கிறாள். புல் தீர்ந்து ஒரு நாள் ஆகிறது.

வடிவுக்கு நாற்பத்தொன்று. அப்பாவைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு இருந்தவள். அப்பா தை மாதம் போய்ச் சேர்ந்தார். காரியத்துக்கு வந்த அண்ணன் பதினாறாம் நாளே கோயம்புத்தூர் பஸ் ஏறினான்.

அதன்பிறகு அந்த வீட்டில் ஒரு தும்மல் கேட்டால், அது வடிவு தும்மியதுதான்.

வைகாசியில் தென்னங்கன்று வைக்க நாற்பது குழி. அதற்குத்தான் வண்டி வந்தது. முதல் நாள் சாயங்காலமே முடிந்துவிட்டது.

"நாளைக்கு வேலை இருக்கா?" வண்டி ஓட்டுகிற கொம்பையா மேலிருந்தபடியே கத்தினான்.

இருந்தது.

பட்டுப்போன புளியமரத்தின் தூரைப் பிடுங்கச் சொன்னாள். வரப்பை நேராக்கச் சொன்னாள். வரப்பு நேராகத்தான் இருந்தது. பிறகு மூலையில் ஒரு குழி. குப்பைக்காம். ஒற்றை ஆளுக்கு என்ன குப்பை சேரும்? அதில் ஒரு லாரியை இறக்கி நிறுத்தலாம்.

இன்றைக்கு அதை மூட வேண்டுமாம்.

முதல் நாள் அவள் அவனை அண்ணாச்சி என்றாள். அவன் அவளை அக்கா என்றான். இன்றைக்கு இரண்டு பேர் வாயிலும் வெறும் நீங்கதான். இதைக்கூடக் கவனிக்காவிட்டால் பூரணம் இத்தனை வருஷம் இந்த ஊரில் குடியிருந்து என்ன பிரயோசனம்?

குழி மூடியாயிற்று.

வடிவு சுற்றிலும் பார்த்தாள். தோட்டத்தில் இனிப் பிடுங்கவும் ஒன்றுமில்லை, நிரப்பவும் ஒன்றுமில்லை.

கொம்பையா இன்ஜினை அணைத்தான்.

கீழே இறங்கினான். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான்.

"எனக்கும் வீட்டுல யாரும் கிடையாது." மெதுவாகத்தான் சொன்னான். "உங்களுக்குச் சம்மதம்னா சொல்லுங்க. இங்கேயே இருந்துருதேன்."

பூரணத்தின் கையில் அரிவாள் அப்படியே நின்றது.

வடிவு அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் பூரணம் கவனித்தாள். வடிவின் இரண்டு காதிலும் பஞ்சு. வண்டிச் சத்தத்துக்காகக் காலையில் அடைத்தது. எடுக்க மறந்திருக்கிறாள்.

கத்தினால் பஞ்சைத் தாண்டிக் கேட்கும்.

அவன் கத்தவில்லை.

"இல்ல." தினமும் கேட்பதைத்தான் கேட்கிறான் என்று நினைத்து, எட்டூருக்குக் கேட்கிற மாதிரி வடிவு சொன்னாள். "இனி ஒண்ணும் இல்ல. எல்லாம் முடிஞ்சுபோச்சு. நீங்க கிளம்பலாம்."

அவன் தலையை ஆட்டினான்.

ஏட்டி, காதுல பஞ்சு. இந்த மூன்று வார்த்தை போதும். ஆனால் வாயைத் திறந்தால் ஒட்டுக்கேட்டது தெரிந்துபோகும்.

யார் வீட்டில் என்ன குழம்பு என்பது முதற்கொண்டு ஊருக்குச் சொல்கிற பூரணம், இல்லாத புல்லுக்குக் குனிந்துகொண்டாள்.

வண்டி ரோடு ஏறும்வரை வடிவு பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகுதான் காதுப் பக்கம் கை போனது.

ஆவணியில் கொம்பையாவுக்குச் சுரண்டையில் கல்யாணம். அதை வடிவிடம் வந்து சொன்னதும் பூரணம்தான்.

கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த வடிவு நிமிரவில்லை.

"கடைசி நாளு அவுக என்னமோ கேட்டாவ மதினி. நீங்க வேலிப் பக்கந்தான நின்னீங்க? என்ன கேட்டாவ?"

பூரணம் ஒரு கணம் கன்றைப் பார்த்தாள்.

"வேலை இருக்கான்னுதாம்ட்டி."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றாள் வடிவு. அடுத்த கன்றுக்குப் போனாள்.

கார்த்திகையில் பூரணம் பசுவை விற்றுவிட்டு, ஓசூரில் இருக்கிற மகன் வீட்டோடு போய்விட்டாள்.

மகன் கூப்பிட்டதாகத் தெரியவில்லை.