கோபுர உச்சியில் கார்த்தி

அம்மா போனை நீட்டியதும் சத்யபாமா அத்தை ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

படத்தில் என் தம்பி கார்த்திகேசன் கோலாலம்பூர் கோபுரத்தின் உச்சியில் நிற்கிறான். பின்னால் பெரிய கண்ணாடி. அதற்கு அப்பால் கீழே அந்த ஊர் முழுக்கத் தெரிகிறது. பக்கத்தில் முக்காடு போட்ட இரண்டு பெண்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்று வாரமாக இதே கூத்து. எங்கள் அலோன் பேட்டையில் அம்மா இந்தப் படத்தைக் காட்டாத ஆளே கிடையாது. தெருமுனையில் மொஹிங்கா நூடுல்ஸ் விற்கிற பர்மாக்காரியைக்கூட விடவில்லை. லிஃப்ட் ஒரே நிமிஷத்தில் ஏறிவிடுமாம். காது அடைத்துக்கொள்ளுமாம். மேலே ஏசிக் குளிரில் பிள்ளைக்குத் தும்மலே வந்துவிட்டதாம். எங்கேயிருந்துதான் இதெல்லாம் வருகிறதோ!

நான் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். போதும்மா, உள்ளே வா என்று கத்த வேண்டும்போல் இருந்தது.

ராணுவத்துக்கு ஆள் எடுக்கிற குலுக்கலில் கார்த்தி பேரும் அத்தை மகன் ரமேஷ்குமார் பேரும் ஒன்றாக விழுந்தன. அந்த வாரமே ஒரு தரகனைப் பிடித்து, இரண்டு பேரையும் திருட்டுத்தனமாக ஒரே லாரியில் மலேசியாவுக்கு ஏற்றிவிட்டோம்.

போனதோடு சரி. நாற்பது நாள் ஒரு தகவல் இல்லை. தரகன் போனை அணைத்துவிட்டான். அம்மா சோற்றில் கை வைப்பதையே விட்டுவிட்டாள்.

பயந்துபோய்த்தான் அதைச் செய்தேன்.

போட்டோ ஸ்டுடியோவில் எனக்கு அதுதானே வேலை. செத்தவர்களுக்குக் கோட்டு மாட்டுவேன். கல்யாணத்துக்கு வராத மாமனைக் கூட்டத்தில் கொண்டுவந்து நிறுத்துவேன்.

போன வருஷம் தீமிதித் திருவிழாவில் எடுத்த தம்பி படம் ஒன்று இருந்தது. மஞ்சள் வேட்டியை அழித்து ஜீன்ஸ் போட்டேன். நெற்றித் திருநீற்றைத் துடைத்தேன். நெட்டில் கிடைத்த கோபுரத்தில் அவனை நிறுத்தி, வேறு நம்பரிலிருந்து அம்மாவுக்கு அனுப்பினேன். வந்து சேர்ந்துட்டேன்மா, இது சிநேகிதன் போன் என்று ஒரு வரியும் எழுதினேன்.

பாவி நான். அன்றைக்கு அம்மா சாப்பிட்டாள்.

அத்தை தினமும் வந்து இந்தப் படத்தைப் பார்ப்பாள். விரலால் பெரிதாக்கி, கார்த்திக்குப் பின்னால் நிற்கிற ஒவ்வொரு முகமாகத் தேடுவாள். ஒன்றும் கேட்கமாட்டாள். இன்றைக்குத்தான் வாய் திறந்தாள்.

"அக்கா, என் மவன் இதுல எங்கேயும் இல்லையே?"

என் கத்தி அப்படியே நின்றது. ஐயோ, இதை நான் யோசிக்கவே இல்லை.

"அட, அவன் எப்படி இதுல இருப்பான்? படம் புடிச்சதே ரமேசுதானே!"

அம்மாதான் சொன்னாள். சட்டென்று, சிரித்துக்கொண்டே.

அத்தை தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுதாள், சிரித்தாள், போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவள் எழுந்து வீட்டுக்குப் போக வெகுநேரம் ஆயிற்று.

படம் பிடித்தது ரமேஷ் என்று நான் எழுதி அனுப்பவில்லை.

அம்மா அடுப்படிக்கு வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. வெங்காயத் தோலைக் கூட்டி அள்ளினாள்.

"சத்யாவுக்கும் ஒரு படம் செஞ்சு குடுத்துடு, புஷ்பா. இந்தத் தடவை கையைப் பார்த்துச் செய்."

போனை வாங்கிப் பார்த்தேன். தம்பியின் வலது மணிக்கட்டில் காப்பு. தீ மிதித்து முடித்த அன்றைக்கு அம்மா தன் கையாலேயே அவிழ்த்து ஆற்றில் விட்ட மஞ்சள் கயிறு.

படம் வந்த அன்றே பார்த்திருப்பாள்.

ரமேஷ் படம் ஏதாவது இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தேன்.