பனிக்கு மேல் ஒரு புள்ளி

"போலீசுக்குப் போகாதீங்க, இஞ்சினியர். எங்க ஊர்க்காரங்க திருடல."

சொல்லிவிட்டாள் நில்மா.

உவாராஸ் நகரத்தின் ஏரிக் கண்காணிப்பு அலுவலகத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றே இஞ்சினியர் பாரியோஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இந்த அறைக்குள் 'எங்க ஊர்' என்ற பேச்சே வரக்கூடாது. ஊருக்காக எதையும் கேட்கவும் கூடாது.

"அப்ப ஏரிக்கரையில இருந்த பொட்டி எங்க போச்சு? கால் முளைச்சு நடந்துருச்சா?"

அவள் கம்ப்யூட்டர் திரைப் பக்கம் திரும்பினாள்.

அவள் ஊரான பூகாபம்பாவுக்கு மேலே, பனிமலை உருகி நிறையும் ஏரி அது. கரை உடைந்தால் பள்ளத்தாக்கில் ஒரு வீடு மிஞ்சாது. கரையில் நட்ட கம்பத்தில் இருந்த பெட்டிதான் நீர்மட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. அது சொன்னால்தான் கீழே ஊரில் அபாயச் சங்கு ஊதும்.

இந்த வருஷம் மழை இல்லை. உருளைக்கிழங்குச் செடி மண்ணோடு கருகிவிட்டது. கம்பம்தான் மேகத்தை விரட்டுகிறது என்று ஊரில் பேச்சு. நேற்று பெட்டியையும் அதன் சூரியத் தகட்டையும் காணவில்லை.

ஊர்த் தலைவர் எவாரிஸ்தோ மேல் புகார் கொடுக்கப் போகிறார் பாரியோஸ். கொடுத்தால் கிழவர் ஜெயிலுக்குப் போவார். அதற்குப் பிறகு அந்த ஊர் இன்னொரு கம்பம் நட விடாது.

"செயற்கைக்கோள் வர்ற நேரம். அதையாவது பாருங்க" என்றாள் நில்மா.

பெட்டிக்குக் காது கிடையாது. யார் கேட்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. பதிலும் வராது. ஆனாலும் ஆகாயத்தைப் பார்த்துச் சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கும்.

துருவத்துக்குத் துருவம் ஓடும் செயற்கைக்கோள் ஒன்று நாளில் சில தடவை தலைக்கு மேலே வரும். அந்தச் சின்னக் குரலைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு கடல் தாண்டிப் போய் இறக்கி வைக்கும்.

குரல் வந்த இடத்தையும் அது கண்டுபிடித்துவிடும். மலை வளைவில் பஸ் நெருங்கும்போது ஹாரன் ஒரு மாதிரி, தாண்டிப் போனதும் ஒரு மாதிரி கேட்குமே, அந்த வித்தியாசத்தை வைத்தே.

காலேஜில் இதைப் பாடமாகக் கேட்ட அன்று நில்மாவுக்கு உடம்பு சிலிர்த்தது. இன்றும் அது அடங்கவில்லை.

திரையில் ஒரு வரி விழுந்தது.

நீர்மட்டம் பூஜ்யம். பேட்டரி நிறைவு. வெப்பம், நட்ட நடுப்பகலில், உறைநிலைக்குக் கீழே.

பூகாபம்பாவில் பகலில் அவ்வளவு குளிர் கிடையாது.

அடுத்து இடம் வந்தது. வரைபடத்தில் புள்ளி வைத்தாள்.

புள்ளி ஊரில் இல்லை. உவாராஸ் வரும் ரோட்டிலும் இல்லை. ஏரிக்கும் மேலே, பனியின் வெள்ளையில் நின்றது. மலைக்குக் கோகா இலை வைத்து, சிச்சா என்னும் சோளக் கள்ளை ஊற்றிக் கும்பிடுகிற பாறை அது. மூச்சு முட்டாமல் யாரும் அங்கே ஏற முடியாது.

அங்கே கொண்டுபோய், தகட்டைச் சரியாக வெயில் பார்க்க நிறுத்தியிருக்கிறார்கள்.

"காயலான் கடைக்கு யாராவது பனிமலை ஏறிப் போவாங்களா, இஞ்சினியர்?"

பாரியோஸ் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு புகார்த் தாளை முன்னால் இழுத்து வைத்தார்.

"திருடல, சரி. ஏரி உடைஞ்சா? சங்கு யாரு ஊதுவா, உங்க மலையா? புகார்ல ஒரு பேர் வேணும், பொண்ணே."

அவர் சொன்னதில் பாதி நியாயம். அதுதான் அவளுக்கு ஆத்திரம்.

"என் பேரையே எழுதுங்க. நில்மா கொலோனியான்னு."

பெட்டியை மறுபடி ஏரியோடு இணைக்க, அலமாரியிலிருந்து நீர்மட்டக் கருவியின் மாற்று வயரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். பனியில் நடக்கும் பூட்ஸை வீட்டிலிருந்தே மாட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

போன வாரம் எவாரிஸ்தோ போன் செய்திருந்தார். மழை கேட்டுக் கேட்டு எங்க குரல் ஓஞ்சுபோச்சு, அந்தப் பொட்டி சொல்றது நெசமாவே வானத்துக்குக் கேக்குதா, மகளே, என்று கேட்டார்.

அவள் படித்த படிப்பு அப்படியே பதில் சொன்னது: "கேக்கும், பெரியப்பா. எவ்வளவு ஒசரத்துல வைக்கிறீங்களோ, அவ்வளவு நல்லா கேக்கும்."

கதவைச் சாத்தாமல் இறங்கி, மேலே போகிற பஸ்ஸைப் பார்த்து நடந்தாள்.