வேப்பங்குளம் விலக்கு

புருஷன் வாயருகே கொண்டுபோன தண்ணீர்ப் பாட்டிலை ராஜகுமாரி வெடுக்கென்று பிடுங்கினாள்.

பாட்டில் கண்டக்டர் இசக்கித்துரையுடையது. புளியங்குடியிலிருந்து சங்கரன்கோவில் போகும் அந்த டவுன் பஸ்ஸில், தாகம் என்று வாய்விட்டுக் கேட்டவருக்கு இல்லையென்று சொல்லக்கூடாது என்பதற்காகவே அவர் நாள்தோறும் அதை வீட்டில் நிரப்பி எடுத்துவருவார்.

“ஏ தாயி, நான் குடுத்த தண்ணியப் பிடுங்குதியே, இது என்ன நியாயம்?”

“வேண்டாம் அண்ணாச்சி.” மூடியைத் திருகி அவரிடமே நீட்டினாள்.

“ஒனக்கு வேண்டாம்னா சரி. அந்த மனுசன் நாக்கு வறண்டு கெடக்கான், பாரு.”

அவள் புருஷன் நல்லகண்ணு முன்சீட்டுக் கம்பியில் நெற்றியைச் சாய்த்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். முகம் ஊதிக் கண்கள் இடுங்கியிருந்தன. பாதம் செருப்புக்குள் அடங்கவில்லை.

பெரிய ரோட்டிலிருந்து ஊருக்குப் பாதை பிரியும் இடத்தை இந்தப் பக்கத்தில் விலக்கு என்பார்கள். வேப்பங்குளத்துக்காரர்களான இந்த இருவரும் இன்று ஊரிலிருந்து விலக்கு வரைக்கும் நடந்தே வந்து ஏறியிருந்தார்கள். வேறு ஆள் இல்லை என்றதும் பஸ்ஸும் ஊருக்குள் போகும் வேலை மிச்சமென்று நேரே வந்துவிட்டது.

“ஊருக்குள்ளயே நின்னா வண்டி வராதா? முடியாத மனுசனை வெயில்ல இம்புட்டுத் தூரம் நடத்திக் கூட்டிட்டு வந்திருக்கே. வந்தவருக்கு ஒரு வாய் தண்ணியும் கெடையாது!”

ராஜகுமாரி புருஷனின் நெற்றி வியர்வையை முந்தானையால் ஒற்றி எடுத்தாள்.

பின்சீட்டிலிருந்து எலுமிச்சை வியாபாரி மம்மது குரல் கொடுத்தார். “மதுவிலக்கு கேள்விப்பட்டிருக்கோம். தண்ணிக்குமா விலக்கு?”

பஸ் சிரித்தது.

“கட்டுன புருசன்ட்ட இப்படியா நடப்பா ஒருத்தி?” என்றாள் பூக்கூடைக்காரி.

சிரிப்பு ஓயும்வரை ராஜகுமாரி பொறுத்திருந்தாள்.

“இவுகளுக்குக் கிட்னி ரெண்டும் போச்சு. குடிக்குத தண்ணி வெளியே போவாது. மெஷின் வச்சுத்தான் எடுக்கணும். சங்கரன்கோவில்ல புதனும் சனியும் எங்க முறை. போன சனிக்கிழமை முறை தப்பிட்டு. போன புதனுக்குப் பொறவு இன்னைக்குத்தான் போறோம், ஒரு வாரத்துத் தண்ணி உள்ளயே கெடக்கு. இனி ஒரு வாய் கூடுனாலும் நெஞ்சுல ஏறிரும்னு சொல்லியிருக்காவ. மெஷின்ல போய்ப் படுக்குத வரைக்கும் எப்படியாவது கொண்டுபோய்ச் சேத்துறணும்.”

இசக்கித்துரை பாட்டிலைத் தம் பைக்குள் வைத்துவிட்டார்.

மம்மது தம் மூட்டையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து நறுக்கினார். “ஏம்மா, இத நாக்குல தடவிக்கிடலாமா? அது ஆகுமா?” என்று கேட்டார்.

“லேசாத் தொட்டுக்கிட்டா ஆகும் பாய்.”

இசக்கித்துரைக்குக் குரல் தணிந்துவிட்டது. “முறைய ஏன் தாயி தப்ப விட்டிய?”

“வண்டி ஊருக்குள்ள வரல்ல அண்ணாச்சி. விலக்குல சத்தம் கேட்டுது. இவுகள ஸ்டாப்புல உக்கார வச்சிட்டுக் கைய வீசிக்கிட்டே ஓடுனேன். கண்டக்டர் படியில நின்னு பாக்கவும் செஞ்சாரு. ரெண்டு விசில் ஊதிட்டுப் போயிட்டாரு.”

“அடப் பாவி!” என்றாள் பூக்கூடைக்காரி.

மம்மது எழுந்தே விட்டார். “எவன் அவன்? ஆளச் சொல்லும்மா. எல்லாரும் கையெழுத்துப் போட்டு டிப்போவுல குடுப்போம். ஒருநாளாவது வீட்டுல உக்காரட்டும், அப்பத்தான் புத்தி வரும்.”

எல்லாரையும்விட இசக்கித்துரைக்குத்தான் ஆத்திரம் பொங்கியது. அது பொய்யான ஆத்திரமும் இல்லை. பெண்டாட்டி பிள்ளையோடு வாழ்கிறவன் இப்படிச் செய்வானா என்று அவருக்கு மெய்யாகவே ஆறவில்லை.

“மாத்து டூட்டிக்கு வார பயலாத்தான் இருக்கும். ஆளில்ல ஆளில்லன்னு விலக்கோட திருப்பிட்டுப் போயிருதானுவ. நானே மேனேஜர்ட்ட சொல்லுதேன் தாயி. ஆளப் பாத்தா அடையாளம் தெரியுமா?”

ராஜகுமாரி அவரை ஏறிட்டுப் பார்த்தாள்.

“ஓடுன ஓட்டத்துல மூஞ்சியக் கவனிக்கல்ல அண்ணாச்சி.”

“இப்படி விட்டுக் குடுத்துத்தான் அவனுகளுக்குக் கொழுப்பு ஏறிக் கெடக்கு” என்று சலித்துக்கொண்டார் அவர்.

சங்கரன்கோவில் வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் ஸ்டாப் கிடையாது. இசக்கித்துரை விசில் ஊதி அங்கேயே பஸ்ஸை நிறுத்தினார். தாமே முதலில் இறங்கி நல்லகண்ணுவின் இடக்கையைப் பிடிக்கப் போனார்.

“அந்தக் கை வேண்டாம் அண்ணாச்சி, அதுலதான் ஊசி ஏத்தணும்.”

மறுபக்கம் வந்து, தோளில் தாங்கி, ஒவ்வொரு படியாக இறக்கிவிட்டார்.

“கண்டக்டர்னா இப்படில்லா இருக்கணும்!” ஜன்னல் வழியே மம்மது சொன்னது வெளியில் எல்லாருக்கும் கேட்டது. இசக்கித்துரை வேண்டாம் என்பதுபோல் கையை ஆட்டினார். முகம் மட்டும் மலர்ந்திருந்தது.

புருஷனைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்ட ராஜகுமாரி, இசக்கித்துரைக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

“மூஞ்சி நல்லாவே ஞாபகம் இருக்கு அண்ணாச்சி. எங்களுக்கு ஒங்க வண்டிய விட்டா வேற வண்டி இல்ல. வார சனிக்கிழமை ஊருக்குள்ள வந்துருவியளா?”